பச்சைச் சஹன்

மாமி குளிர்சாதனப் பெட்டியோடு பேசிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் பகலைக்குப் பெரியவளும் மாப்புளயும் அக்கரைப்பற்றிலிருந்து வாறாங்க. மதினிமாரும் வாறாங்க. ஹோட்டல்ல ஆக்கிப் பழகின மனுசர் ஒராள் ஊட்டுல இரிக்கக்குள்ள நான் எதுக்குக் கரண்டியத் தூக்குற? சனம் சிரிக்கும்."

பெட்டி பதில் சொல்லவில்லை. அதன் வாய் நிறைய இறைச்சி. ஹஜ்ஜுப் பெருநாள் அன்று அறுத்த குர்பானில் வீட்டுப் பங்கு, சொந்தக்காரர் அனுப்பிய பங்கு, அயலார் தந்த பங்கு எல்லாம் பொலித்தீன் பைகளில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. மாமி ஒரு பையை உள்ளே தள்ளினால் இன்னொன்று வெளியே எட்டிப் பார்த்தது. திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் முன்னறையில் பால் விடாத பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டிருந்த பாயிஸுக்குத்தான் அத்தனை பேச்சும். அவனுக்கு அது தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது மாமிக்கும் தெரியும்.

கிழக்கிலங்கையின் கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும். வந்த மாப்பிள்ளையோடு மாமியார் நேருக்கு நேர் பேசுவது மரியாதையில்லை என்பது பழைய வழக்கம். இப்போது அதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. மாமி ஸகியாவும் கையில் போன் வைத்துக்கொண்டு குவைத்தில் இருக்கும் தங்கையோடு வீடியோவில் கதைக்கிற பெண்தான். ஆனாலும் மருமகன் வந்தால் முக்காட்டை இழுத்துவிட்டுச் சுவருக்குத் திரும்பிவிடுவார். அவனுக்குச் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார். மகள் இல்லாவிட்டால் பூனையிடம், அம்மியிடம், இன்றைக்குக் குளிர்சாதனப் பெட்டியிடம். எட்டு மாதமாக இந்த வீட்டில் பாயிஸ் அப்படித்தான் வாழ்கிறான். அது அவனுக்கு வசதியாகவும் இருந்தது. நேராகக் கேட்டால்தானே நேராகப் பதில் சொல்ல வேண்டும்.

பிளேன்டீ ஆறிப்போயிருந்தது. அவன் அதைக் குடிக்கவில்லை.

கலியாணம் பேசி வந்தவர் சொன்னது, "பொடியன் கட்டார்ல பெரிய ஹோட்டல்ல செஃப்." கூடவே ஒரு படம். வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, கையைக் கட்டிக்கொண்டு பாயிஸ். படம் பொய்யில்லை. ஹோட்டலும் பொய்யில்லை. ஆனால் அந்த ஹோட்டலின் நிலவறையில் கோல்ட் கிச்சன் என்று ஓர் இடம் உண்டு. அங்கே அடுப்பே இல்லை. விருந்து மண்டபங்களுக்குப் போகிற மரக்கறித் தட்டுகளை அங்கேதான் செய்வார்கள். கரட்டை விரல் நீளத்துக்கு வெட்டுவது, வெள்ளரி போன்ற கெக்கரிக்காயைச் சீவுவது, பூக்கோவாவைப் பூப்பூவாகப் பிரிப்பது, வட்டமாக அடுக்குவது, நடுவில் தொட்டுக்கொள்ளத் தயிரில் ஒன்று குழைத்து வைப்பது. ஐந்து வருசம் பாயிஸ் அதைத்தான் செய்தான். அவன் நெருப்புக்குப் பக்கத்தில் போனது நெருப்பணைக்கும் பயிற்சி நாட்களில் மட்டும்தான்.

செஃப் என்று சொன்னபோது அவன் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்படிச் சும்மா இருந்ததுதான் இப்போது நாற்பது பேருக்குப் புரியாணியாக வந்து முன்னால் நிற்கிறது.

பின்னேரம் பஸ்லியா கொடியில் உடுப்பெடுத்துக்கொண்டிருந்தபோது அவன் அவளுக்குப் பின்னால் போய் நின்றான்.

"எனக்குப் புரியாணி ஆக்கத் தெரியா."

"எங்கட ஊர்ப் புரியாணி லேசு. உம்மா சொல்லித் தருவா."

"எந்த ஊர்ப் புரியாணியும் தெரியா, பஸ்லியா. சோறு வடிக்கவும் தெரியா."

அவள் திரும்பினாள். அவன் சொல்லி முடிக்கும்வரை ஈரம் காயாத சாரன் ஒன்று அவள் தோளில் கிடந்தது.

"அப்ப அந்த வெள்ளைத் தொப்பி?"

"சாப்பாட்டுல முடி விழாம இரிக்கப் போடுற தொப்பி."

"யா அல்லாஹ். அக்கரைப்பற்று ராத்தாக்கிட்ட நான் சொன்னதெல்லாம்?"

"நீ என்ன சொன்ன?"

"நீங்க அரபிமார்ட கலியாணத்துக்கு முழு ஒட்டகம் அவிச்ச எண்டு."

"நான் எப்பயாவது அப்புடிச் சொன்னனா?"

"இல்லயெண்டும் சொல்லல்லயே."

அவள் உடுப்புகளை மடித்தாள். மடித்ததையே திரும்பவும் மடித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாளைக்கு நான் ஆக்கிறன். ஆக்கள் வரக்குள்ள நீங்க கரண்டியப் புடிச்சிட்டு நில்லுங்க. யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள்.

நல்ல யோசனைதான். பாயிஸ் தன்னையே அப்படி நினைத்துப் பார்த்தான், கையில் கரண்டி, முகத்தில் ஆவி, சுற்றிலும் மாஷா அல்லாஹ். ஆனால் இந்தப் பெருநாளுக்குக் கரண்டியைப் பிடித்தால் அடுத்த பெருநாளுக்கும் பிடிக்க வேண்டும். பிள்ளை பிறந்தால் நாற்பதாம் நாள் விருந்துக்குப் பிடிக்க வேண்டும். மச்சினியின் கலியாணத்துக்கு அண்டாவோடு கூப்பிடுவார்கள். மவுத்தாகும்வரை அந்தக் கரண்டியைக் கீழே வைக்க முடியாது.

"எனக்குத் தெரிஞ்சதச் செய்யிறன். அந்தத் தட்டு. புரியாணிய மாமி ஆக்கட்டும்."

"உம்மாக்கு ஆரு சொல்ற?"

"நீதான்."

"நான் மாட்டன். நீங்களே சொல்லுங்க."

"நான் எப்புடி மாமியோட கதைக்கிற?"

கடைசியில் பஸ்லியா உள்ளே போய்ப் பாதியைச் சொன்னாள். "உம்மா, அவர் மரக்கறி செய்யப் போறாராம். புரியாணிய நீங்க தொடங்குங்களாம்." மாமி சந்தோசமாகத் தலையாட்டினார். மீதிப் பாதியைச் சொல்ல வாய் வரவில்லை என்று பஸ்லியா வந்து சொன்னாள். மாமி மனதில் விழுந்தது பச்சைக் காயா, ஆக்கின கறியா என்று அந்த நேரம் இருவரும் யோசிக்கவில்லை.

அன்றைக்கு மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு பாயிஸ் ஒரு சட்டி எருமைத் தயிரை வெள்ளைத் துணியில் கொட்டி முடிச்சுப் போட்டு, குசினி யன்னல் கம்பியில் தொங்கவிட்டான். தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கோப்பையில் விழுந்தது. மாமி அதை மூன்று தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்க அங்கே பூனைகூட இல்லை.

காலையில் அவன் சந்தைக்குப் போனபோது இறைச்சிக் கடைப் பக்கமே வெறிச்சென்று கிடந்தது. பாண்டிருப்பிலிருந்து வந்து மரக்கறி விற்கிற கனகரெத்தினம் மட்டும் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்.

"பெருநாள் முடியுமட்டும் உங்கட ஆக்கள் என்ட பக்கம் திரும்பிப் பாக்கிறல்லயே தம்பி. வீட்டில ஆருக்கும் சுகமில்லையா?"

"இல்லண்ண. விருந்துக்கு."

"விருந்துக்குக் கரட்டா?" கனகரெத்தினம் தராசை எடுத்தார். "ஆரும் கோவிச்சா என்ட கடையச் சொல்லிப்போடாத."

கரட், போஞ்சி, பூக்கோவா, கறிமிளகாய், பிஞ்சுக் கெக்கரிக்காய், கையில் பிடித்தால் இறுகி நிற்கிற தக்காளி. ஒவ்வொன்றையும் பாயிஸ் முகர்ந்து பார்த்து எடுத்தான். மீன் சந்தையில் ஐஸ் வாங்கிக்கொண்டு மோட்டார்சைக்கிளை வீட்டுக்கு விட்டான்.

கத்தியைக் கையில் எடுத்ததும் அவனுக்குப் பயம் போய்விட்டது. கரட் தோல் சுருள் சுருளாக விழுந்தது. போஞ்சியில் கேத்தலில் கொதித்த தண்ணீரை ஊற்றிப் பச்சை பளிச்சென்று ஏறியதும் ஐஸ் நிரப்பிய பெரிய பேசனுக்குள் போட்டான். பூக்கோவாவும் கரட்டும் கறிமிளகாயும் அதே பேசனில் முங்கின. குளிர்சாதனப் பெட்டியில் இடமில்லையே. துணியிலிருந்த தயிர் வெண்ணெய் போல இறுகியிருந்தது. அதில் உள்ளிப்பூண்டு, புதினா, மிளகு, தேசிக்காய்ப் புளி, ஒரு பச்சை மிளகாய். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினான். ஐந்து வருசமாக யாருடைய விருந்துக்கோ செய்தது. முதல் தரம் தன் வீட்டுக்கு.

தன் வீடு என்று நினைத்தது அவனுக்கே புதிதாக இருந்தது.

கெக்கரிக்காயையும் தக்காளியையும் கடைசியில் வெட்டலாம் என்று ஒதுக்கிவைத்தான். அப்போது மாமனார் அச்சிமுகம்மது வாசலில் வந்து நின்றார். வயல்காரர். அதிகம் கதைக்க மாட்டார். "மருமகன், பெரிய சஹன் ரெண்டு என்ட தங்கச்சி ஊட்டுல கிடக்கு. எடுத்துட்டு வருவமா?" சஹன் என்றால் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற அகலத் தட்டு. மரக்கறி அடுக்க அதைவிடப் பொருத்தமானது உலகத்தில் இல்லை. பாயிஸ் ஈரத்துணியால் பேசனை மூடிவிட்டுப் புறப்பட்டான். மாமனாரின் தங்கை தேத்தண்ணீர் குடிக்காமல் விடவில்லை. இனிப்புத் தொதல் தின்னாமலும் விடவில்லை.

சஹன்களைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரும்போது, வாசல் படலையிலேயே கடுகு தாளித்த வாசம் அடித்தது. தேங்காய்ப்பால் வாசமும்.

குசினிக்குள் பேசனில் ஐஸ் மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

ஓர் அடுப்பில் புரியாணிக்கு இறைச்சி வெந்தது. அடுத்த அடுப்பில் பெரிய சட்டி. மஞ்சள் பாலுக்குள் அவனுடைய கரட், அவனுடைய போஞ்சி, பூப்பூவாகப் பிரித்த அவனுடைய பூக்கோவா, எல்லாம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தன. மாமி அவனைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுச் சுவருக்குத் திரும்பினார்.

"மகள், மாப்புளக்கிட்டச் சொல்லு. அவர் வெட்டிவெச்ச மரக்கறிய நான் ஆக்கிட்டன். பாவம், வாப்பா இழுத்துட்டுப் போயிட்டார். உப்பு மட்டும் அவர் பாத்தாக் காணும்."

பாயிஸ் சுற்றிலும் பார்த்தான். குசினியில் மகள் இல்லை. குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

"பஸ்லியா குளிக்கிறா, மாமி."

எட்டு மாதத்தில் அவன் அவரிடம் நேராகச் சொன்ன முதல் சொல் அது. அகப்பை சட்டிக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது.

"வந்தாப்புறகு சொல்லட்டும்," என்றார் மாமி, சுவரிடம்.

"அது ஆக்கிறதுக்கு வெட்டினதில்ல மாமி. பச்சையாத் தின்னுறதுக்கு. தயிரில தொட்டு."

"பச்சையாவா?"

"ஓம்."

"மரக்கறியெண்டுதானே புள்ள சொன்னா?"

"ஓம். மரக்கறிதான்."

இரண்டு பேரும் சொன்னது சரிதான். சட்டி மட்டும் யார் பக்கமும் சேராமல் கொதித்தது. மாமி அவசரமாக அடுப்பைத் தணித்தார். "நான் கெடுத்துப்போட்டன். ஹோட்டல் சாமான், எனக்கென்ன தெரியும். சரி, புரியாணியாவது உங்கட கையால…"

"மாமி, எனக்கு ஆக்கத் தெரியா."

இந்தத் தரம் மாமி திரும்பினார். முழு முகமும். அவருக்கும் பஸ்லியாவுக்கும் ஒரே மூக்கு என்பதை பாயிஸ் அப்போதுதான் பார்த்தான். இனி நிறுத்தினால் பிறகு சொல்ல மாட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது. ஒரே மூச்சில் கொட்டிவிட்டான். கோல்ட் கிச்சன், கரட், தொப்பி, எல்லாம். "சோறு வடிக்கவும் தெரியா. செஃப் எண்டு சொன்ன நேரம் நான் இல்லயெண்டு சொல்லல்ல. அதுதான் நான் செஞ்ச பிழை."

மாமி தேங்காய் துருவும் பலகையில் மெல்ல உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. மாமியாரை அழவைத்த மாப்பிள்ளை எந்த ஊரில் தலைகாட்ட முடியும்?

முந்தானையை எடுத்தபோதுதான் தெரிந்தது, அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எட்டு மாசம் மகன்," என்றார். "எட்டு மாசமா நான் பயந்து பயந்து ஆக்கினன். ஒவ்வொரு கறியயும் நாலு தரம் ருசி பாத்துத்தான் உங்களுக்கு அனுப்பின. நீங்க தலையக் குனிஞ்சி திண்டுட்டு எழும்புவீங்க. நல்லமெண்டும் இல்ல, கூடாதெண்டும் இல்ல. பெரிய ஹோட்டல்ல ஆக்கின மனுசர், என்ட சாப்பாட்டுல என்ன குறை கண்டாரோ எண்டு… குவைத்திலிரிக்கிற தங்கச்சிக்கு வீடியோவில சட்டியக் காட்டிக் காட்டி ஆக்கினன். போன மாசம் மீனாணத்துல உப்புக் கூடிட்டு. அண்டைக்கு எனக்கு நித்திரயே இல்ல."

"அண்டைக்கு நான் மூணு தரம் சோறு போட்டன், மாமி."

"மரியாதைக்குத் திண்டீங்களெண்டு நினைச்சன்."

"நான் அங்க அஞ்சு வருசமும் ராவைக்குப் பாணும் மிஞ்சின கரட்டும் திண்ட ஆள். நல்லமெண்டு சொல்ல எனக்கு வெக்கம்."

மாமி எழும்பி, இறைச்சியில் அரிசியைக் கொட்டி, பொங்கி வந்ததும் புரியாணி அண்டாவை மூடித் தணலுக்கு வைத்துவிட்டு, இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டார். "ஆக்கள் வரப்போறாங்க. வெட்ட இன்னும் என்ன இரிக்கி?"

கெக்கரிக்காய் இருந்தது. தக்காளி இருந்தது. இரண்டு கரட் கூடைக்கடியில் கிடந்தன. மாமி பின்வளவுக்குப் போய் மடி நிறையப் புளிப்பு அம்பரெல்லாக் காயும், செங்காயான கொய்யாவும் பறித்து வந்தார். "இதயும் வையுங்க. இது பச்சையாத் தின்னுறதெண்டு எல்லாருக்கும் தெரியும்." ஹோட்டலில் அம்பரெல்லா வைத்ததில்லை. பாயிஸ் ஒரு துண்டைத் தயிரில் தொட்டுக் கடித்தான். புளிப்பு காதுவரை ஏறியது. தலையை ஆட்டினான்.

பஸ்லியா தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தபோது, உம்மாவும் மாப்பிள்ளையும் ஒரே பலகையில் குனிந்து கெக்கரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இது கொஞ்சம் மொத்தம் மாமி."

"ஏசாதீங்க மகன். நான் இண்டைக்குத்தானே வேலைக்குச் சேந்த."

பஸ்லியா சத்தம் போடாமல் திரும்பிப் போய்த் துவாயை அவிழ்த்தாள். அதற்குள் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். ஆண்கள் முன்னறையில் பாயில் வட்டம் வட்டமாக உட்கார்ந்தார்கள். பெண்கள் உள்ளறையில். முதல் சஹனை பாயிஸே தூக்கி வந்து நடுவில் வைத்து மூடியை எடுத்தான். பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று வட்ட வட்டமாய் அடுக்கியிருந்த காய்களுக்கு நடுவே வெள்ளைக் கிண்ணம். ஒருவரும் கையை நீட்டவில்லை. சஹனைத் திறந்தால் ஆவி பறக்க வேண்டும். இது குளிர்ந்து கிடந்தது.

மூத்த மருமகன் றுமைஸ் கழுத்தை நீட்டிப் பார்த்தான். அக்கரைப்பற்றில் இரும்புக்கடை வைத்திருப்பவன். அவன் இருக்கிற இடத்தில் வேறு யாருக்கும் பகிடி விட இடம் கிடைக்காது.

"என்ன சகலன் இது? மாட்ட நாங்க திண்டு முடிச்சாச்சு. இப்ப மாட்டுட சாப்பாட்டயும் தின்னணுமா?"

முன்னறை சிரித்தது. பாயிஸும் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. அந்த நேரம் அச்சிமுகம்மது ஒரு கெக்கரித் துண்டை எடுத்தார். தயிரில் தொட்டார். கடித்தார். அந்த நறுக்கென்ற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. சஹனைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டார்.

பிறகு ஒரு கை வந்தது. பிறகு நாலு கை. மூன்று நாளாகக் காலையில் ஈரல், பகலில் இறைச்சி, இரவில் எலும்பு என்று தின்று களைத்த சனம். குளிர்ந்த காயும் புளித்த தயிரும் தொண்டையில் இறங்கியபோது முகங்கள் மழை பெய்த வயல் மாதிரி ஆகின. ஒருவர் ஏப்பம் விட்டு அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். றுமைஸ் கையில் அம்பரெல்லாவை வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கினான்.

"இது நல்லாத்தான் இரிக்கி. அப்ப புரியாணியும் செஃப்ட கைதானே?"

உள்ளறையில் பஸ்லியாவின் ராத்தா பேச்சை நிறுத்தியது திரைக்கு இந்தப் பக்கமே தெரிந்தது. இல்லை என்று சொல்லாமல் இருப்பது எவ்வளவு லேசு என்று பாயிஸுக்கு நன்றாகத் தெரியும். ஒரு சிரிப்புப் போதும்.

"இல்ல சகலன். அது மாமி ஆக்கின. எனக்கு ஆக்கத் தெரியா. நான் அங்க கரட் வெட்டின ஆள்."

றுமைஸ் மெல்லுவதை நிறுத்தினான். அவனையும் சஹனையும் மாறி மாறிப் பார்த்தான். பாயிஸ் காத்திருந்தான்.

"அல்லாஹ் காப்பாத்தினான்," என்றான் றுமைஸ். "செஃப்ட புரியாணி, ரெண்டு கோப்பையாவது திண்டு நல்லமெண்டு சொல்லாட்டி என்ட பொண்டாட்டி ஏசுவா எண்டு பயந்துதான் வந்தன். வயித்துல இடமேயில்ல. மாமிட புரியாணியெண்டா நாளைக்குச் சூடாக்கித் தின்னலாம். அந்தக் கரட்ட இஞ்சால தள்ளுங்க."

உள்ளறையில் ஒட்டகம் என்று யாரோ ஆரம்பிக்க, பஸ்லியா, "ராத்தா, கதைக்காமத் தொட்டுத் தின்னுங்க," என்று சொல்வது கேட்டது. பிறகு பெண்கள் எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். அதில் பஸ்லியாவின் சிரிப்பை பாயிஸ் பிரித்தெடுத்துக் கேட்டான்.

எல்லாரும் எழும்பிக் கை கழுவப் போன பிறகு, காலி சஹனைத் தூக்கிக்கொண்டு அவன் குசினிக்குப் போனான். சஹனில் ஒரு கொய்யாக் காம்பு மட்டும் ஒட்டிக்கிடந்தது. உள்ளே மாமி மிஞ்சின புரியாணியை வேறு சட்டிக்கு மாற்றிவிட்டு, அண்டாவைச் சரித்துவைத்து, தலையை அதற்குள் விடாத குறையாகக் குனிந்து, கரண்டியால் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அடிப்புடிச்சிட்டு மகன்," என்றார் நிமிராமலே. "கெக்கரி வெட்டப்போய் மறந்துட்டன்."

வெயில் அடிக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னார். கரண்டி கரகரவென்று இழுத்தது. வெங்காயமும் நெய்யும் சேர்ந்து கறுத்த சோற்றுக் கருக்கல் ஒன்று, உள்ளங்கை அகலத்துக்குப் பாளமாகப் பெயர்ந்து வந்தது. மாமி அதை இரண்டாக உடைத்தார். பெரிய துண்டை அவன் பக்கம் நீட்டினார். பாயிஸ் சஹனைச் சுவரில் சாய்த்துவிட்டு அண்டாவுக்குப் பக்கத்தில் தரையில் குந்தினான். கருக்கல் வாய்க்குள் நொறுங்கியது. மாமி இன்னொரு கரண்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தார். இரண்டு கரண்டிகளும் அண்டாவின் அடியில் போட்ட சத்தத்துக்கு, குசினியில் என்ன உடைகிறது என்று முன்னறையிலிருந்து யாரோ கேட்டார்கள். வாய் நிறைய இருந்ததால் இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை.